ரெண்டு வரிக்கு எதுக்கு லைப்ரரி?

நாகர்கோவிலில் செட்டிகுளத்திலிருந்து வடசேரி வரை மாடிப்படி ஏறிப் பார்த்தால் சின்னச் சின்ன மென்பொருள் கடைகள் தென்படும். நாலைந்து பேர், ஒரு இன்வெர்ட்டர், சுவரோரம் பழைய சிபியுக்கள். மருந்துக்கடைக்கு பில்லிங், சீட்டுக் கம்பெனிக்கு வசூல் கணக்கு, ரப்பர் கடைக்கு ஷீட் எடை, சபைக்குக் குடும்பப் பதிவேடு, வக்கீல் ஆபீசுக்குப் பத்திர விவரம் என்று கேட்டதை எழுதித் தருகிறார்கள். உழைப்பாளிகள். ஆனால் அவர்களில் பலரிடம் ஒரு கருத்து ஊறிப்போயிருக்கிறது: “அண்ணாச்சி, ரெண்டு வரிக் கோடுக்கு எதுக்கு ஒரு ஃபங்ஷன், அதுக்கு மேல ஒரு லைப்ரரி? வேணும்போது எழுதிட்டுப் போவோம்.”

இதற்குப் படித்தவர்கள் சொல்லும் வடிவமும் உண்டு. பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் 2016-இல் நடந்த லெஃப்ட்-பேட் கதையைச் சொல்லி, சிறு லைப்ரரிகளை நம்பினால் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்பார்கள். கல்லூரி ஆய்வகங்களில், எந்த லைப்ரரியையும் தொடாமல் எழுதுகிறவனே அசல் புரோகிராமர் என்பார்கள். இப்போது புதிதாக ஒரு கூட்டம் வந்திருக்கிறது. ஏஐயிடம் கேட்டால் அரை நிமிஷத்தில் எழுதித் தந்துவிடும், எதையும் சேர்த்துவைக்கத் தேவையே இல்லை என்பது அவர்கள் கட்சி.

எல்லாரும் சேர்ந்து, சிறு உதவி நிரல்களைத் தனியே எடுத்துப் பெயர் வைத்து, சோதித்து, பல இடத்திலும் அதையே பயன்படுத்துவதைப் பழங்காலத்துப் பழக்கம் என்று தீர்மானித்துவிட்டார்கள். இந்தத் தீர்மானம் முழுக்கத் தவறு. அதற்குச் சாட்சி தேடி சிலிக்கன் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பெயர்களும் பத்திரங்களுமே போதும்.

முதலில் அந்த ‘ரெண்டு வரி’ என்னவென்று பார்ப்போம். ஒரு சபைப் பதிவேட்டிலோ பள்ளிக்கூடப் பட்டியலிலோ கௌரி என்ற பெயரைத் தேடுகிறீர்கள். கிடைக்கவில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறீர்கள், தேடினால் இல்லை. காரணம், தட்டச்சு செய்தவர் கௌ என்ற எழுத்துக்குப் பதிலாக கெ என்று அடித்துப் பக்கத்தில் ள போட்டிருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. தமிழில் தட்டச்சு செய்யும் எல்லா ஊரிலும் நாள்தோறும் நடக்கும் பிழை இது. உடனே நம் நண்பர் ரெண்டு வரி எழுதுகிறார்: எங்கெல்லாம் ஒற்றைக்கொம்புக்கு அடுத்து ள வருகிறதோ அங்கெல்லாம் ஔகாரக் குறி போடு. கௌரி கிடைத்துவிட்டாள். வேலை முடிந்தது.

அடுத்த மாதம் அதே வரியைக் குளச்சல் மீன் கடை பில்லிங்குக்குக் காப்பி செய்கிறார். கெளுத்தி மீன் பில்லில் உருக்குலைந்து விழுகிறது. கெளுத்தியில் வருவது நிஜமான ளு. அதிலிருந்து ள-வைப் பிய்த்து எடுத்துவிட்டதால் உகரக் குறி அந்தரத்தில் தொங்குகிறது. சரி, ள-வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். சேர்த்தால் கெளுத்தி பிழைத்தது, வெளியும் தெளிவும் பிழைத்தன. ஆனால் யாராவது நம் ஊர்ப் பேச்சை அப்படியே எழுதி ‘வெளக்கு’ என்றோ ‘கெளப்பு’ என்றோ வைத்திருந்தால் அது மறுபடி உடையும். ஆகவே இந்த நிரல் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும், வட்டார வழக்கு வரும் உரைக்கு ஆகாது என்று தலையில் ஒரு குறிப்பு எழுதியாக வேண்டும்.

இப்போது சொல்லுங்கள், இது ரெண்டு வரியா? நிரலாக எண்ணினால் அப்படித்தான் வரும், மூன்று வரியைத் தாண்டாது. அதற்குள் இருக்கும் அறிவு ஒருவர் ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்து கண்டது. அந்த அறிவை ஒரு மருந்துக்கடை மென்பொருளின் நானூற்றுப் பத்தாவது வரியில் புதைத்துவைத்தால் அடுத்த ஆள் அதே கெளுத்தியில் மறுபடி வழுக்கி விழுவார். ஔகாரம்_திருத்து என்று பெயர் வைத்து, கௌரி, கெளுத்தி, வெளி மூன்றையும் சோதனையாகச் சேர்த்து, தனிக் கோப்பில் போட்டால் யாரும் விழ வேண்டியதில்லை. பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையே ஏற்றுக்கொள்கிறது. பெயரை ஆங்கிலத்தில் யோசிக்கும் சிரமம்கூட இல்லை.

அகரவரிசைக்கு வருவோம். நம் மாவட்டத்து ஊர்கள் சிலவற்றைக் கணினியிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால், வழக்கமான முறையில் அது தருவது இப்படி இருக்கும்: கடியப்பட்டணம், கன்னியாகுமரி, கப்பியறை, கருங்கல், கல்குளம், களியக்காவிளை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இது தப்பென்று சொல்லும். மெய்வரிசையில் கடைசி எழுத்து ன். கன்னியாகுமரி களியக்காவிளைக்கும் பின்னால் கடைசியில் நிற்க வேண்டிய ஊர். அது எப்படி இரண்டாம் இடத்துக்கு ஏறியது? யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கியபோது இஸ்கி என்ற இந்தியக் குறியீட்டின் தேவநாகரி ஒழுங்கைப் பின்பற்றினார்கள். ன-வை ந-வுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், ற-வை ர-வுக்குப் பக்கத்தில். குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் வரும் வரிசை தமிழ் வரிசை ஆகாது.

இதைச் சரிசெய்ய யூனிகோட் அமைப்பே தமிழுக்கான வரிசை விதியை வெளியிட்டிருக்கிறது. முத்து அண்ணாமலை தொடங்கி, தன்னார்வலர்கள் பலர் சேர்ந்து வளர்த்த ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் லைப்ரரியிலும் இரண்டு சொற்களைத் தமிழ் அகரவரிசைப்படி ஒப்பிடும் சிறு நிரல் இருக்கிறது. இலவசம், மூலநிரல் திறந்தது. இருந்தும் நம் ஊரில் எத்தனை சங்க உறுப்பினர் பட்டியல் தாறுமாறான வரிசையில் அச்சாகித் தொங்குகிறது! பார்க்கிறவர்களும் ‘கம்ப்யூட்டர் அப்படித்தான் போடும்’ என்று பழகிவிட்டார்கள். இந்தப் பழக்கம்தான் எனக்கு எரிச்சல். மென்பொருளின் தவறுக்கு மொழி பணிந்துபோவதற்கு, ஒரு வரி எடுத்துச் சேர்க்கும் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை.

கல்லூரிக்காரர்களின் பெருமைக்கு வருகிறேன். ‘லைப்ரரி தொடாமல் ஒரு சொல்லைத் தலைகீழாக்கு’ என்பது நேர்முகத் தேர்வுகளின் ஆதிக் கேள்வி. கோணம், குமாரகோவில், சுங்கான்கடை என்று எந்தக் கல்லூரியில் படித்த பிள்ளையும் தூக்கத்தில் எழுதும். அதே நிரலுக்கு நாகர்கோவில் என்று தமிழில் கொடுத்துப் பாருங்கள். கடைசியில் இருக்கும் புள்ளி முதலில் வந்து, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தின் மேல் உட்காரும். நாம் எண்ணினால் அந்தப் பெயரில் ஆறு எழுத்து. கணினி எண்ணினால் 11 குறி. ஓகாரக் குறியை இரண்டு துண்டாகப் பிரித்துத் தட்டச்சு செய்திருந்தால் 12. கோப்பில் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 முறைப்படி 33 பைட்டு. குறுஞ்செய்தி அனுப்பினால் ஆங்கிலத்துக்கு 160 இடம் தருகிற கம்பெனி தமிழுக்கு 70 இடம்தான் தரும். அதில் ஊர்ப்பெயர் மட்டும் பதினொன்றைத் தின்றுவிடும்.

ஆறா, பதினொன்றா, பன்னிரண்டா, முப்பத்துமூன்றா? எதை எண்ணுகிறோம் என்று நான்கு பெயரில் நான்கு நிரல் இருந்தால் குழப்பம் வராது: எழுத்து எண்ணிக்கை, குறி எண்ணிக்கை, பைட்டு எண்ணிக்கை, குறுஞ்செய்தி நீளம். ஒரே ‘லென்’ என்று எல்லா இடத்திலும் போட்டுவிட்டு, கிளையண்ட் வந்து ‘மெசேஜ் பாதியில வெட்டுது’ என்று சத்தம் போடும்போது முழிக்கிறோம். ஓப்பன்-தமிழில் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் நிரல் உண்டு. லைப்ரரி தொடாதே என்று பழக்கப்பட்ட பிள்ளைக்கு இப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் பழக்கமே வருவதில்லை. கற்பதற்காக ஒருமுறை கையால் எழுதிப் பார்க்கட்டும், நல்லது. அதையே காலமெல்லாம் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுக்கமாகப் போதிப்பது அறியாமை.

கணினித்துறையின் தொடக்ககாலமும் இவர்கள் பக்கம் இல்லை. 1940-களில் ஹார்வர்டின் மார்க்-1 இயந்திரத்தில் வேலை செய்த கிரேஸ் ஹாப்பரும் கூட்டாளிகளும், தேறிய சிறு நிரல்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, ஒருவர் நோட்டிலிருந்து மற்றவர் கையால் பார்த்து எழுதிக்கொண்டார்கள். பார்த்து எழுதும்போது வந்த பிழைகளைப் பற்றி ஹாப்பர் பிற்காலத்தில் மேடை மேடையாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தத் தொல்லைதான் சிறு நிரல்களை இயந்திரமே எடுத்துக் கோத்துக்கொள்ளும் அவருடைய ஏ-0 ஏற்பாட்டுக்கு 1952-இல் கொண்டுபோய்விட்டது. கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி 1949-இல் ஓடத் தொடங்கியதுமே டேவிட் வீலரும் மற்றவர்களும் சிறு நிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு, ஒரு பெட்டகத்தில் அடுக்கி வைத்தார்கள். வர்க்கமூலம் வேண்டுமா, அந்த நாடாவை எடுத்துப் போடு. 1951-இல் வில்க்ஸ், வீலர், கில் மூவரும் வெளியிட்ட நூல்தான் நிரலாக்கம் பற்றி உலகில் வந்த முதல் புத்தகம். அதன் பெரும்பகுதியும் இந்தச் சிறு நிரல் சேகரிப்பைப் பற்றியதுதான். ஹாப்பர் விட்டுவந்த நோட்டுப்புத்தகக் காப்பியை நாம் இன்று கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி என்ற பெயரில் செய்துகொண்டிருக்கிறோம். கைப்பிழை வராது, உண்மை. ஆனால் மூலத்தில் இருக்கும் பிழை நாற்பது இடத்துக்கும் சேதாரமில்லாமல் போய்ச் சேரும்.

நாற்பது இடம் என்று நான் மிகைப்படுத்தவில்லை. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. 12, 28 சதவீத அடுக்குகள் ஏறக்குறைய ஒழிந்து, 5-உம் 18-உம் நின்றன. வரியைக் கணக்கிடும் நிரல் ஒன்றாகவும் விகித அட்டவணை ஒன்றாகவும் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு மதிய வேலை. பில் அடிக்கும் பக்கத்தில் ஒரு 12, சரக்குத் திரும்ப வரும் பக்கத்தில் ஒரு 12, மாத அறிக்கையில் ஒரு 12 என்று எண்ணையே தூவி வைத்திருந்தவர்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அதிலும் 12 என்று தேடினால் மாதத்தின் 12, டஜனின் 12 எல்லாம் சேர்ந்து வரும். எதை மாற்றுவது, எதை விடுவது?

லெஃப்ட்-பேட் கதைக்கு வருவோம். எதிர்க்கட்சிக்காரர்களின் பிரம்மாஸ்திரம் அது. 2016 மார்ச் 22-இல் அசேர் கோச்சுலு என்ற நிரலாளர், ‘கிக்’ என்ற பெயர் யாருக்கு என்ற தகராறில் மனம் கசந்து, என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் களஞ்சியத்திலிருந்து தன் நிரல்களையெல்லாம் எடுத்துவிட்டார். அதில் ஒன்று லெஃப்ட்-பேட்: ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடமோ பூஜ்யமோ நிரப்பும் 11 வரி. அதை நம்பியிருந்த பேபல் போன்ற பெரிய கருவிகளெல்லாம் சில மணி நேரம் உலகெங்கும் படுத்துவிட்டன. இதிலிருந்து நம்மவர்கள் எடுத்த பாடம்: சிறு லைப்ரரியே கூடாது.

இந்தப் பாடம் தப்பு. அன்று உடைந்தது அந்தப் பதினொரு வரி அல்ல, அது சரியாகவே இருந்தது. ஒருவர் போட்டதை அவர் நினைத்த நேரத்தில் பிடுங்கிக்கொள்ளலாம் என்ற களஞ்சியத்தின் விதியும், ஒவ்வொரு தடவையும் இணையத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளும் பழக்கமும்தான் உடைந்தன. என்பிஎம் அந்த விதியை உடனே மாற்றியது. அதைவிட முக்கியமான ஒன்றை இவர்கள் சொல்வதே இல்லை. அடுத்த வருஷம், 2017-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரப்பாட்டிலேயே அதே வேலையைச் செய்யும் பேட்ஸ்டார்ட் சேர்க்கப்பட்டது. அதாவது, இது எல்லாருக்கும் வேண்டிய சிறு கருவி, மொழிக்குள்ளேயே இருக்க வேண்டியது என்று மொழியை வகுப்பவர்களே ஒத்துக்கொண்டார்கள். ஆபத்து அளவில் இருப்பதாகச் சொல்கிறவர்கள் 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய லாக்4ஜே லைப்ரரியின் ஓட்டையையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். லாக்4ஜே குட்டி லைப்ரரியே இல்லை. பெரும்பாலோருக்குத் தேவைப்படாத வசதிகளையெல்லாம் சுமந்துகொண்டு பெருத்துப்போன ஒன்று. அப்படி ஒட்டிக்கொண்ட ஒரு வசதி வழியாகத்தான் திருடன் நுழைந்தான். நூறு வரி லைப்ரரியை ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வாசித்து முடிக்கலாம். பெரியதை யார் வாசித்தார்கள்?

வேண்டிய பதிப்பைப் பூட்டி வை. உரிமக் குறிப்போடு ஒரு பிரதியை உன் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள். லெஃப்ட்-பேட் பயத்துக்கு இவ்வளவுதான் மருந்து.

உண்மையில் நிரல் மறுபயன்பாட்டுக்கு எதிராகச் சொல்ல வேண்டிய வலுவான உதாரணம் வேறொன்று இருக்கிறது. அதை எதிர்க்கட்சியார் பலரும் சொல்வதில்லை, நானே சொல்கிறேன். 1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஏரியான்-5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியான்-4-இல் நன்றாக ஓடிய நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட் வேகமாகப் பக்கவாட்டில் நகர்ந்தது; அந்த எண் 16 பிட்டுக்குள் அடங்கவில்லை; கணினி கையை விரித்தது. பார்த்தீர்களா, மறுபயன்பாட்டின் லட்சணம் என்று கேட்கலாம். நான் திரும்பக் கேட்பது இது: அந்த நிரலின் எல்லை என்னவென்று அழைக்கிறவர் கண்ணில் படும்படி எழுதியிருந்ததா? புதிய பாதையின் எண்களைக் கொடுத்து அதைச் சோதித்தார்களா? இரண்டும் நடக்கவில்லை. எல்லை சொல்லாமல், சோதிக்காமல் எடுத்துப் போட்டது லைப்ரரிப் பழக்கமாகாது; நம் காப்பி-பேஸ்ட் பழக்கத்துக்குத்தான் அது ஒன்றுவிட்ட அண்ணன்.

ராக்கெட் என்றதும் நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. சரக்கல்விளையில் பிறந்து, நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் படித்து, 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன், சித்தாரா என்ற பாதைக் கணிப்பு மென்பொருளின் தலைமைச் சிற்பி. இஸ்ரோவின் எல்லா ஏவூர்திகளின் பாதைக் கணிப்புக்கும் அதுவே முதுகெலும்பு. ராக்கெட்டுக்கு ராக்கெட் முதலிலிருந்து எழுதவில்லை. சித்தாரா சின்ன உதவி நிரல் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய இடத்தில் செல்லுபடியாகும் ஒழுங்கு செட்டிகுளத்து மாடியில் மட்டும் ஆடம்பரமாகத் தோன்றுவதுதான் புதிர்.

ஏரியான் சொன்ன எல்லைப் பிரச்சினைக்கு நம் மாவட்டத்திலேயே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது: கொல்லம் ஆண்டு. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு இணையும் வரை நாம் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு திரு-கொச்சியிலும் இருந்தோம். பழைய மூலப்பத்திரங்களில் கொல்லம் ஆண்டுதான். வக்கீல் ஆபீசுக்கு மென்பொருள் எழுதுகிற எவரும் அதை ஆங்கில ஆண்டாக மாற்றியாக வேண்டும். நம் நண்பரின் ரெண்டு வரி என்ன தெரியுமா? கொல்லத்தோடு 825-ஐக் கூட்டு. ‘கொல்லம் தொடங்கியது கிபி 825, எல்லாருக்கும் தெரியுமே!’

தொண்ணூற்றொன்பதாம் வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தா பாட்டி வாயிலிருந்து நாமெல்லாம் கேட்ட அந்தப் பெருவெள்ளம் கொல்லம் 1099 ஆடியில், அதாவது கர்க்கடகத்தில் வந்தது. 825 கூட்டினால் 1924. சரி, அது 1924 ஜூலைதான். நண்பர் ஜெயித்துவிட்டார். இப்போது மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளைப் போடுவோம். அது கொல்லம் 1132 ஐப்பசி. 825 கூட்டினால் 1957! ஒரு வருஷம் பிந்திப் போய்விட்டது. திருவிதாங்கூரில் ஆண்டு பிறப்பது ஆவணியில், சிங்ஙம் ஒன்றில். ஆவணி முதல் மார்கழியின் முதற்பாதி வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்தபிறகு 825. மார்கழியில் நாளையும் பார்க்க வேண்டும். 1947 ஆகஸ்ட் 15 கொல்லம் 1122-இன் கடைசி நாட்களில் ஒன்று. சுதந்திரம் வந்து சில நாளிலேயே 1123 பிறந்துவிட்டது.

ஒரு வருஷம்தானே என்று விடக்கூடிய விஷயமில்லை இது. 1116 ஐப்பசியில் ஒரு பாகப்பிரிவினை, அதே 1116 மாசியில் ஒரு கிரயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் முதலாவது 1940 கடைசி, இரண்டாவது 1941 தொடக்கம். எல்லாவற்றுக்கும் 825 கூட்டும் மென்பொருள் முதலாவதை 1941 கடைசிக்குத் தள்ளிவிடும். பாகம் பிரிவதற்கு முன்பே பங்கை விற்றதாகத் திரையில் தெரியும். ஒரு சொத்து வழக்கு உருவாக இதைவிட என்ன வேண்டும்? இன்னொன்றும் உண்டு. வடமலபாரில் கொல்லம் ஆண்டு பிறப்பது கன்னி மாதத்தில். ஆகவே நம் நிரலின் தலையில் ‘திருவிதாங்கூர் வழக்குக்கு மட்டும்’ என்ற எல்லைக் குறிப்பு கட்டாயம் இருக்க வேண்டும். வெள்ளம், சுதந்திரம், இணைப்பு என்ற மூன்று நாளும் சோதனையாக உடன் இருக்க வேண்டும். இவ்வளவும் சேர்த்து அறுபது வரி வரும். எல்லா வக்கீல் ஆபீசுக்கும், அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைப் படிக்கிற ஆய்வாளருக்கும் ஒரே அறுபது வரி உதவும்.

சென்ட் கணக்கும் இதே சாதிதான். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும், பேச்சில் சென்ட். ஒரு ஏர் 2.47 சென்ட். ‘ரெண்டரைன்னு போடு, சுளுவா இருக்கும்’ என்று போட்டுவைத்தால் ஒரு ஹெக்டேர் ரப்பர் தோட்டத்தில் 247 சென்ட் 250 ஆகிவிடும். இல்லாத மூணு சென்ட்! நாகர்கோவிலில் மூணு சென்டில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். அந்த எண் நிரலுக்குள் எங்கோ பெயரில்லாமல் 2.5 என்று கிடந்தால் யார் கண்டுபிடிப்பது? ஏர்_முதல்_சென்ட் என்று பெயரோடு ஓரிடத்தில் இருந்தால் நில அளவையர் ஒருவரிடம்கூடக் காட்டிச் சரியா என்று கேட்கலாம். நிரல் தெரியாதவரும் பார்த்துத் திருத்தக்கூடிய நிலைக்கு அது வந்துவிடுகிறது.

கடைசியாக ஏஐ கட்சி. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை: சிறு நிரலை எழுதும் உழைப்பு இப்போது ஏறக்குறைய பூஜ்யம். ஆனால் பிரச்சினை என்றைக்குமே எழுதும் உழைப்பில் இருக்கவில்லை. ஔகாரத்துக்கு எது எல்லை, கொல்லத்துக்கு எந்த மாதம் என்று தீர்மானிப்பதில் இருந்தது. ஏஐ தருவது முழுக்கச் சரியாகவே இருந்தாலும், ஐந்து திட்டத்துக்கு ஐந்து தடவை கேட்டால் ஐந்து விதமாகத் தரும். வரி மாறும் நாளில் ஐந்தையும் தேட வேண்டும். எது சரி என்று சோதிக்க நம்மிடம் வெள்ளமும் இணைப்பும் கையில் இல்லாவிட்டால், தந்ததை நம்பி ஒட்ட வேண்டியதுதான். அதோடு ஏஐ சில சமயம் உலகத்தில் இல்லாத லைப்ரரியின் பெயரைத் தைரியமாகச் சொல்லும். அப்படிப்பட்ட பெயர்களில் தீய நிரலைப் பதிந்துவைத்துக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அது படித்து வளர்வது பொதுவெளியில் இருக்கும் நிரல்களை. நாஞ்சில்நாட்டுக் கணக்குகளைச் சரியாகச் செய்யும் நிரலை நாம் யாரும் பொதுவில் வைக்காவிட்டால் அது எங்கிருந்து கற்கும்? எங்கோ எவரோ எழுதிய 825-ஐத்தானே நமக்குத் திருப்பித் தரும்!

சிறு லைப்ரரி என்று பெயர் போட்ட எல்லாம் உத்தமம் என்று நான் சொல்லவரவில்லை. ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்க ஒரு லைப்ரரியை இறக்குவது பைத்தியக்காரத்தனம். மொழியே ஒரு குறியில் சொல்லிவிடுவதற்குத் துணை எதற்கு? அதைவிடப் பெரிய நோய் நம் கடைகளில் பரவலாக இருக்கும் ‘காமன்’ கோப்பு. எங்கே வைப்பது என்று தெரியாததையெல்லாம் அதில் தூக்கிப் போட்டுப் போட்டு அது ஆயிரக்கணக்கான வரிக்கு வீங்கியிருக்கும். டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் அங்கே, தேதி மாற்றமும் அங்கே, பழைய கிளையண்டின் லோகோ முகவரியும் அங்கே. யாருக்கும் தொடத் துணிச்சல் வராது. அதைக் காட்டி ‘லைப்ரரின்னா இதுதானே’ என்று பயமுறுத்துகிறார்கள். அது லைப்ரரி இல்லை, பரண். செய்வதைச் சொல்லும் பெயர், உள்ளே கொடுத்ததற்கு வெளியே ஒரே விடை, வேறெதையும் தொடாத சுபாவம், கூடவே நாலு சோதனை. இவ்வளவும் தேறினால் உள்ளே எடுங்கள், தேறாவிட்டால் வெளியே நிற்கட்டும்.

ஓப்பன்-தமிழ் போன்றவற்றைச் செய்தவர்கள் பொதுவான தமிழுக்கு வேண்டியதைத் தந்திருக்கிறார்கள். கொல்லம் ஆண்டையும் ஏர்-சென்ட்டையும் கெளுத்தியையும் வெளியூர்க்காரர் வந்து எழுதித் தரப்போவதில்லை. நம் மாவட்டத்தில் இத்தனை பொறியியல் கல்லூரிகள். வருஷந்தோறும் இறுதியாண்டுத் திட்டம் என்ற பெயரில் முகம் அறிதலும் வருகைப்பதிவும் மறுபடி மறுபடி அச்சாகி, கருநீல அட்டை போட்டு அலமாரியில் தூங்குகின்றன. கணினித்துறைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஒரு பிள்ளை முப்பது பக்க அறிக்கையும் அலங்காரத் திரையும் இல்லாமல், இருநூறு வரியில் கொல்லம் ஆண்டு மாற்றும் லைப்ரரியை ஐம்பது சோதனையோடு கொண்டுவந்து, மூலநிரலைப் பொதுவெளியில் வைக்கிறேன் என்று சொன்னால், ‘இது புராஜெக்ட் ஆகாதே மக்கா’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். மதிப்பெண் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.